களத்துமேட்டில் கோல்ஃப்!

– மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன் ஒருவன்

தலைப்பைப் பார்த்ததும் சிரிப்பு வருகிறதா நண்பர்களே? தாராளமாகச் சிரியுங்கள். ஹாஸ்டலில் பாதிப் பேர் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டார்கள். "என்ன மச்சான், கோடீஸ்வரன் வீட்டுல பொண்ணு எடுக்கப் போறியா?" என்று ஒருவன். "நெல்லு விளையிற ஊர்ல ஏதுடா கோல்ஃபு?" என்று இன்னொருவன். இரண்டாமவன் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் மலர்க்குழுவிடம் இத்தனை பக்கங்கள் கேட்டு வாங்கினேன்.

சென்ற ஆண்டு இன்-பிளான்ட் டிரெயினிங்குக்காக மேற்கே ஒரு பம்ப் கம்பெனிக்குப் போயிருந்தேன். ஒருநாள் சர்வீஸ் ஆட்களோடு என்னையும் வேனில் ஏற்றி ஒரு கோல்ஃப் கிளப்புக்கு அனுப்பினார்கள். (எந்த கிளப் என்பது வேண்டாம்.) புல்லுக்குத் தண்ணீர் அடிக்கும் பம்ப்பில் மெக்கானிக்கல் சீல் போய் ஒழுகிக்கொண்டிருந்தது. ஸ்பேனர் பிடிக்கும் வேலை எனக்கு. வேலை முடிந்து கை கழுவப் போகும் வழியில், 'கிரீன்' என்று அவர்கள் சொல்லும் அந்தப் புல்தரை ஓரமாக நின்று பார்த்தேன். கோரைப்பாய் விரித்த மாதிரி ஒட்டக் கத்தரித்திருந்தார்கள். நடுவில் ஒரு குழி, ஒரு கொடி. ஒரு காலைத்தான் எடுத்து வைத்தேன். "பம்பு பாக்க வந்தவங்க பம்பு ஷெட்டோட நில்லுங்க!" என்று ஒரு குரல். அந்தக் காலை எடுத்த இடத்தில்தான் இந்தக் கட்டுரை ஆரம்பிக்கிறது.

ஷெட்டுக்குப் பின்னால் வேறொரு காட்சி. நாலைந்து கேடிகள். (நம்ம ஊர் போலீஸ் சொல்கிற கேடி அல்ல! ஆட்டக்காரரின் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே நடக்கிறவருக்குக் கோல்ஃபில் அதுதான் பெயர்.) மண்ணில் ஒரு டப்பாவைப் புதைத்து, வளைந்த பழைய குச்சி ஒன்றால் மாறி மாறிப் பந்தை உருட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவர் சொன்னார்: "தம்பி, உள்ள ஆடுறவங்க வாரத்துக்கு ஒரு நாள் வருவாங்க. எங்களைத் திங்கக்கிழமை மட்டும்தான் உள்ள விடுவாங்க. ஆனா இந்த டப்பாவுல நாங்க தினம் போடுறோம். யாரு கை சுத்தம்னு நீங்களே பாத்துக்குங்க." பார்த்தேன். பத்தில் எட்டு உள்ளே போனது. போகும்போது கீறல் விழுந்த பந்து ஒன்றை என் கையில் வைத்தார். டிரெயினிங் முடிந்து கிளம்பும் நாளில் அவரையே தேடிப் போய், பழைய ஒன்பதாம் நம்பர் அயன் ஒன்றையும் முந்நூறு ரூபாய்க்கு வாங்கி வந்தேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் அதைக் கரும்பு வெட்டும் கருவி என்றே கடைசி வரை நம்பினார்.

இனி விஷயத்துக்கு வருவோம். முழு மைதானம் என்றால் 18 குழிகள். நல்ல ஆட்டக்காரர் அத்தனையையும் முடிக்க இத்தனை ஸ்ட்ரோக் என்று ஒரு கணக்கு உண்டு. அதற்குப் 'பார்' என்று பெயர். பெரும்பாலும் 72. இந்த 72-ல் ஒவ்வொரு குழிக்கும் கிரீன் மேல் இரண்டு ஸ்ட்ரோக் என்று சேர்த்தே கணக்குப் போட்டிருக்கிறார்கள். 18 பெருக்கல் 2, ஆக 36. சரிபாதி! டி.வி.யில் பார்க்கும் அந்த வானளாவிய அடிகளெல்லாம் மிச்சப் பாதிதான். இந்தப் பாதி, குனிந்து நின்று பத்து அடி, பதினைந்து அடி தூரம் பந்தை உருட்டுவது. 'புட்டிங்'. இதற்கு நூறு ஏக்கர் எதற்கு? நம் வீட்டுத் திண்ணை போதாதா?

போதும் என்று ஆசைக்காகச் சொல்லவில்லை, கணக்குப் போட்டுச் சொல்கிறேன். குழியின் குறுக்களவு 108 மி.மீ. பந்தின் குறுக்களவு 42.67 மி.மீ.க்குக் குறையக்கூடாது, எடை 45.93 கிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. பத்து அடி தள்ளி நின்று உருட்டுகிறோம். பத்து அடி என்றால் 305 செ.மீ. குழியின் பாதி அகலம் 5.4 செ.மீ. 5.4-ஐ 305-ஆல் வகுத்து டேன் டேபிளைப் பாருங்கள்: ஏறக்குறைய 1 டிகிரி. அதாவது, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அதைத் தாண்டினால் பந்து குழியைக் குசலம் விசாரித்துவிட்டு வெளியே போய்விடும். மூன்று அடியிலிருந்து என்றால் 3 டிகிரிக்குக் கொஞ்சம் மேலேயே சலுகை உண்டு.

இந்த ஒரு டிகிரியை வீட்டில் பழக இரண்டு பேட்டரி செல் போதும். பந்துக்கு ஒரு அடி முன்னால் இரண்டையும் நிறுத்தி வையுங்கள். இடைவெளி 5.3 செ.மீ. இரண்டையும் தொடாமல் பந்து நடுவில் போய்விட்டால், பத்து அடி தள்ளியுள்ள குழிக்கும் அது போய்ச் சேரும் திசைதான். (தரை சமமாக இருந்தால்!) பத்து அடி நீள அறை இல்லாதவனும் ஒரு அடியில் பழகலாம் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த இடம். குழிக்குப் பதில் காபி தம்ளரைப் படுக்க வைத்தேன். அதன் வாய் ஏழு செ.மீ. தான் இருக்கும். அதில் போடப் பழகியவனுக்கு உண்மையான குழி அண்டா மாதிரி தெரியும். நேர்கோட்டுக்குக் கோலமாவு. "புள்ளி வைக்காம இது என்னப்பா கோலம்?" என்று அம்மா கேட்டார்கள். மறுநாளிலிருந்து கோலமாவு டப்பா மேல் அலமாரிக்குப் போய்விட்டது, இப்போது சாக்பீஸ்.

சரி, புட்டருக்கு எங்கே போவது? கடையில் வாங்கினால் ஒரு செமஸ்டர் செலவு. இங்கேதான் நண்பர்களே, நாம் டிப்ளமோக்காரர்கள் என்பதை மறந்துவிடுகிறோம்! கார்ஸ்டன் சோல்ஹைம் என்ற மனிதர் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் எஞ்சினியர். வயது நாற்பதைத் தாண்டித்தான் கோல்ஃபுக்கு வந்தார். புட்டிங் சரியாக வரவில்லை. மற்றவர்களாக இருந்தால் தன் கையைக் குறை சொல்லியிருப்பார்கள். அவர் கருவியைக் குறை சொன்னார். 1959-ல் தன் வீட்டுக் காரேஜில் உட்கார்ந்து ஒரு புட்டர் செய்தார். பந்தில் பட்டதும் 'பிங்' என்று சத்தம் வந்தது. அதையே பெயராக வைத்தார். இன்று உலகம் முழுக்க விற்கிற பிங் கம்பெனி அந்தக் காரேஜில் பிறந்ததுதான். அவர் செய்த தந்திரம் என்ன? நாம் அப்ளைடு மெக்கானிக்ஸில் மனப்பாடம் செய்து பரீட்சை ஹாலிலேயே விட்டுவிட்டு வருகிற மொமென்ட் ஆஃப் இனர்ஷியா! புட்டரின் தலையில் எடையை நடுவில் வைக்காமல் இரண்டு முனைக்கும் ஒதுக்கினார். பந்து நடுவில் படாமல் ஓரத்தில் பட்டாலும் தலை அவ்வளவாகத் திரும்பாது. அவ்வளவுதான்.

நான் செய்தது இது. 25 மி.மீ. சதுர எம்.எஸ். கம்பியில் 110 மி.மீ. துண்டு. எடை 540 கிராம் வரும். பின்பக்கம் நடுவில் 50 மி.மீ. நீளத்துக்கு 18 மி.மீ. ஆழம் ஷேப்பரில் குடைந்தேன். எடை 360 கிராமுக்கு இறங்கியது. கடையில் விற்பதும் ஏறக்குறைய இதே எடைதான். முகப்பை ஃபைல் போட்டு 3 டிகிரி சாய்த்தேன். வயரிங்குக்குப் போடும் இரும்பு கான்டுயிட் பைப்பை 72 டிகிரியில் வெல்டு வைத்தேன். (செங்குத்திலிருந்து குறைந்தது 10 டிகிரியாவது சாய்ந்திருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது.) பிடிக்குப் பழைய சைக்கிள் டியூப். ஒர்க்ஷாப் சார் இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "என்ன தம்பி இது, ரெக்கார்டுல எந்த எக்சர்சைஸ்?" என்றார். விவரம் சொன்னேன். வாங்கிப் பார்த்தார், வெல்டைப் பார்த்து முகம் சுளித்தார், கிரைண்டரில் தானே ஒரு தடவை தேய்த்துக் கொடுத்தார். ரெக்கார்டில் எழுத வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

இன்னொரு கருவியையும் செய்தோம். எட்வர்டு ஸ்டிம்ப்சன் என்பவர் 1935-ல் கண்டுபிடித்தது; ஸ்டிம்ப்மீட்டர் என்பார்கள். 'வி' பள்ளமுள்ள 36 அங்குலச் சட்டம். ஒரு முனையைத் தரையில் வைத்து மறுமுனையை மெல்லத் தூக்கினால், 20 டிகிரி வரும்போது பந்து தானாக உருளும். தரையில் எத்தனை அடி ஓடி நிற்கிறதோ அதுதான் அந்தத் தரையின் வேகம். நமக்கு ஆங்கிள் அயன் போதும். எங்கள் வீட்டு ரெட் ஆக்சைடு தரையில் பந்து நிற்கவே இல்லை, சுவரில் போய் மோதியது. கோரைப்பாயில் நீளவாக்கில் ஒரு வேகம், குறுக்குவாக்கில் ஒரு வேகம். ஜமுக்காளத்தை இரண்டாக மடித்துப் போட்டபோது ஒன்பது அடிப் பக்கம் வந்து நின்றது. பெரிய போட்டிகளில் பத்து அடிக்கு மேலேயே இருக்கும் என்றாலும், சாதாரண கிளப் கிரீனுக்கு நம் ஜமுக்காளம் சளைத்தது அல்ல!

புட்டருக்குப் பிறகு பேராசை வந்தது. எட்டு மி.மீ. பிளேட்டை வெட்டி ஒரு முழு மட்டையே செய்தேன். மூன்றாவது வீச்சில் வெல்டு விட்டுத் தலை பறந்து போய்த் தண்ணீர்த் தொட்டியில் 'டங்' என்றது. அங்கே யாரும் நிற்கவில்லை, அது என் நல்ல காலம். பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். 200 கிராம் தலை, விநாடிக்கு 40 மீட்டர் வேகம் (சாதாரண ஆட்டக்காரருடைய டிரைவரே இந்த வேகத்தில் போகும்), 1.2 மீட்டர் ஆரம் என்று வைத்துக்கொண்டால், தலை வெளியே பிய்த்துக்கொண்டு போக இழுக்கிற விசை 27 கிலோவுக்குச் சமம். நான் வைத்த வெல்டு அதைத் தாங்காது. ஆகவே, வீட்டில் செய்த கருவியை வைத்து உருட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முழு வீச்சைப் பந்தில்லாமல் ஒரு மூங்கில் குச்சியை வைத்துப் பழகலாம். நண்பனிடம் செல்போனைக் கொடுத்து ஸ்லோ மோஷனில் எடுக்கச் சொன்னால் நம் லட்சணம் நமக்கே தெரியும். பந்தை அடித்தே ஆகவேண்டும் என்றால் பிளாஸ்டிக் பந்து, எதிரே தென்னை மரத்தில் கட்டித் தொங்கவிட்ட சாக்கு.

வைக்கோல் போரைத் தாண்டிக் கூடையில் விழுகிற மாதிரி ஒன்பதாம் நம்பர் அயனால் தூக்கிப் போடுவதைக் களத்துமேட்டில்தான் பழகினேன். அடித்துச் சாணி மெழுகின களத்துக்கு நிகரான தரை கிடையாது. மணல் குழியிலிருந்து பந்தை எடுக்க வேண்டுமா? ஜனவரிக் கடைசியில் மேட்டூர் அணையை மூடி, ஆறு வற்றிய பிறகு வெண்ணாற்றுக்குப் போங்கள். (மணல் மிச்சம் இருக்கிற இடமாகப் பார்த்து!) மணலில் மட்டை பந்தைத் தொடவே கூடாது. இரண்டு அங்குலம் பின்னால் மணலில் இறங்கி, மணலோடு பந்தையும் அள்ளிக் கொண்டுவர வேண்டும். ஸ்பெயின் நாட்டு செவே பாலஸ்டரோஸ் ஏழைக் குடியானவர் வீட்டுப் பையன். கையில் ஒரே ஒரு மூன்றாம் நம்பர் அயன். பெத்ரெனா கடற்கரை மணல்தான் பள்ளிக்கூடம். 1979-ல் பிரிட்டிஷ் ஓப்பன் ஜெயித்தார். அப்படி ஐந்து பெரிய பட்டங்கள்.

அறுத்த வயலில் ஆடலாமே என்று கேட்பவன் தஞ்சாவூர்க்காரனாக இருக்க முடியாது. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே ஈரத்தில் உளுந்து தெளித்துவிடுகிறோமே! கண்ணுக்குத் தாள் மட்டும்தான் தெரியும், அடியில் உளுந்து முளைத்துக்கொண்டிருக்கும். "தம்பி, உளுந்துல கால வச்சே, கால ஒடிச்சுடுவேன்" என்று அப்பா முதல் நாளே சொல்லிவிட்டார். உளுந்து எடுத்த பிறகு, ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து சேருகிற வரை, சித்திரை வைகாசியில்தான் வயல் நமக்கு. அப்போதும் ஆடு மாடு மேய்வதைப் பார்த்து.

அப்பாவிடம் ஒருநாள் இந்த விளையாட்டைப் பற்றி விவரமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எத்தனை ஏக்கரு வேணும்?" என்றார்.

"நூறு, நூத்தம்பது ஏக்கர் ஆகும்பா."

"ஒரே நேரத்துல எத்தனை பேரு ஆடலாம்?"

"குழிக்கு நாலு பேர்னு வச்சா எழுபத்திரண்டு பேரு."

"தண்ணி?"

"அடிச்சுக்கிட்டே இருக்கணும்பா. புல்லு காயக்கூடாது."

அவர் வாய்க்கால் பக்கம் திரும்பினார். அந்த வாரம் எங்களுக்கு முறை இல்லை. "நூறு ஏக்கருன்னா நம்ம தெரு மொத்தத்துக்கும் சோறுடா தம்பி" என்று மட்டும் சொன்னார்.

அந்த இடத்தில் நான் அப்பா கட்சிதான். 'நம்ம ஜில்லாவுக்கும் ஒரு கோல்ஃப் மைதானம் வேண்டும்' என்று யாராவது மனு எழுதினால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் போட்டார்கள். அது முக்கியமாக எண்ணெய், எரிவாயு தோண்டுவது போன்றவற்றைத் தடுக்கத்தான். புல்தரைக்காக நெல்வயலை எடுக்கக்கூடாது என்பதற்குச் சட்டம் எதற்கு, கொஞ்சம் வெட்கம் போதும். விளையாட்டு வேண்டும், மைதானம் வேண்டாம். 'இது எப்படி?' என்று கேட்டால், மேலே சொன்ன 36 ஸ்ட்ரோக்தான் என் பதில்.

ஆனால் பொய் சொல்லக்கூடாது. வீட்டுப் பயிற்சி நம்மை மைதானத்து கேட் வரைக்கும்தான் கொண்டுபோய் விடும். ஹரியானாவில் இஸ்ரானா கிராமத்துப் பையன் சுபம் ஜக்லான், பால் வியாபாரியின் மகன். குஸ்திக் குடும்பம். வெளிநாட்டில் இருந்த ஒருவர் ஊரில் தொடங்கிய கோல்ஃப் பள்ளி மூடப்பட்ட பிறகு வயலில் அடித்தும், யூடியூப் பார்த்தும் கற்றுக்கொண்டான். 2015-ல், பத்து வயதில், அமெரிக்காவில் இரண்டு சிறுவர் உலகப் பட்டங்களை வாங்கினான். உண்மைதான். ஆனால் அவனை டெல்லிக்கு அழைத்துப் போக ஒரு பவுண்டேஷன் வேண்டியிருந்தது, நோனிதா லால் குரேஷி என்ற கோச் வேண்டியிருந்தார். 1991-ல் இந்தியன் ஓப்பன் ஜெயித்த முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர், டெல்லியில் கேடியாக இருந்தவர்; 1993-ல் மறுபடியும் ஜெயித்தார். 2009-ல் அதே பட்டத்தை வாங்கிய பெங்களூரு முனியப்பாவும் கேடியாக இருந்தவர்தான். பை தூக்கவாவது உள்ளே விட்டதால் அவர்கள் ஆடினார்கள். பம்ப் ரிப்பேர் பார்க்கப் போனவனுக்கு அதுகூடக் கிடையாது!

கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895-லிருந்து இருக்கிறது. ஊட்டியில், வெலிங்டனில், சென்னை நந்தனத்தில், கோவைப் பக்கம் என்று நம் மாநிலத்தில் புல்தரைகள் இல்லாமல் இல்லை. நாட்டில் சில கிளப்புகள் அரசு குத்தகைக்குக் கொடுத்த நிலத்திலேயே நடக்கின்றன. டெல்லி கோல்ஃப் கிளப் அப்படித்தான். புதிதாக ஒரு ஏக்கர்கூட எடுக்க வேண்டாம். இருக்கிற இடங்களில் வாரத்தில் ஒருநாள், கூட்டம் வராத நாளாகப் பார்த்து, அரசுக் கல்லூரி மாணவர்களுக்குச் சும்மா திறந்துவிட்டால் என்ன குடி முழுகிவிடும்? புல் தேயுமா? அதை உட்கார்ந்து கேட்கத்தான் மாணவர் சங்கம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

"ஜெயிக்கவா போறே?" என்பார்கள். 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்ஸில் அதிதி அசோக் நாலாவது இடம் வந்தார். நாலு நாள், 72 குழி ஆடி, பதக்கம் போனது ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில். நீளமாக அடிப்பவர்களில் அவர் இல்லை. அவரை அவ்வளவு தூரம் கொண்டுபோனது புட்டிங்தான். அந்தக் காலையில் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த சீனியர்கள் இன்றும் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்து போகிறார்கள். நான் ஒலிம்பிக்ஸ் போகப் போவதில்லை. அப்ரன்டிஸ் கிடைத்தால் போதும். ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு, தலையில் அரியர் பேப்பர் ஓடிக்கொண்டிருக்கும்போது, இருபது நிமிஷம் ஒரு பந்தையும் ஒரு தம்ளரையும் தவிர வேறெதுவும் தெரியாமல் இருப்பது எவ்வளவு நிம்மதி என்று அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஸ்போர்ட்ஸ் டேயில் கபடி, வாலிபால், கயிறு இழுத்தலோடு புட்டிங்கையும் சேருங்கள். ஹாஸ்டல் வராந்தா இருபது அடி இருக்கிறது, மூன்று ஜமுக்காளம் போதும். மெக்கானிக்கல்காரர்கள் புட்டர் செய்வோம். சிவில்காரர்கள் ஸ்பிரிட் லெவல் வைத்துத் தரை எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லட்டும். எலக்ட்ரிக்கல்காரர்கள் வழக்கம்போல் லைட் போட்டுவிட்டுப் பரிசையும் தட்டிக்கொண்டு போகட்டும். பெண்கள் அணி தனியாக வேண்டாம், சேர்ந்தே ஆடலாம். இந்த விளையாட்டில் அதற்குத் தடை ஒன்றுமில்லை.

அதுவரை பொறுக்க முடியாதவர்கள் அறைக்கு வாருங்கள். புட்டர் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. பந்து இரண்டுதான், மூன்றாவது மெஸ் கூரை மேல் கிடக்கிறது, எடுத்துத் தருபவருக்கு முதல் வாய்ப்பு. தம்ளர் மட்டும் அவரவர் கொண்டு வரவும்.